மார்வின் கேயின் "காட் டு கிவ் இட் அப்": கிண்டலா, சரணாகதியா?

பழைய_தட்டு

போன ஞாயிற்றுக்கிழமை பரணில் கிடந்த தட்டுகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தேன். அமெரிக்க ஸோல் பாடகர் மார்வின் கேயின் லண்டன் பல்லேடியம் இரட்டைத் தட்டு கையில் சிக்கியது. பல வருஷம் ஆயிற்றே என்று நேராக நான்காவது பக்கத்தைப் போட்டேன். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது, அடுக்களையிலிருந்து என் மனைவி, "யாருங்க வந்திருக்கா?" என்றாள். யாரும் வரவில்லை. பாட்டுக்குள் இருந்த கூட்டம்தான் அது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அந்தத் தட்டின் முதல் மூன்று பக்கமும் 1976 அக்டோபரில் லண்டனில் நடந்த கச்சேரி. நான்காவது பக்கத்துக்கும் லண்டனுக்கும் சம்பந்தமே இல்லை. லாஸ் ஏஞ்சலஸில் சன்செட் பூலவார்டில் மார்வின் சொந்தமாக வைத்திருந்த ஸ்டுடியோவில் பதிவான "காட் டு கிவ் இட் அப்" என்ற ஒரே பாட்டு, கிட்டத்தட்ட 12 நிமிடம். 1977 மார்ச்சில் வெளிவந்தது. சிங்கிளுக்காக (தனிப்பாட்டாக விற்கும் சிறு தட்டு) இரண்டாக வெட்டி, முதல் துண்டை முன்பக்கத்திலும் மிச்சத்தைப் பின்பக்கத்திலும் போட்டார்கள். ஜூன் 25 அன்று அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பாட்டுப் பட்டியலில் முதலிடம். அதுவும் ஒரே வாரம்தான். முந்தின வாரம் ஃப்ளீட்வுட் மேக்கின் "ட்ரீம்ஸ்", அடுத்த வாரம் "ராக்கி" படத்து ட்ரம்பெட் இசை. நடுவில் கிடைத்த சந்தில் புகுந்து வந்த மாதிரி இருக்கிறது. ஆனால் கறுப்பின மக்களின் இசைக்கான ஆர் அண்ட் பி பட்டியலில் 5 வாரம் உச்சியில் இருந்தது. டிஸ்கோ பட்டியலிலும் முதலிடம், பிரிட்டனில் 7-ஆம் இடம்.

இப்போது என் கேள்வி. அந்த நேரத்தில் அவர் தட்டுகளை வெளியிட்ட மோட்டவுன் கம்பெனி ஒரு டிஸ்கோ பாட்டு கேட்டு அவரை நச்சரித்துக்கொண்டிருந்தது. மார்வினுக்கு டிஸ்கோ மேல் பெரிய மரியாதை கிடையாது. 1976-இல் ஜானி டெய்லரின் "டிஸ்கோ லேடி" சக்கைப்போடு போட்டது. அதைச் சீண்டுகிற மாதிரி "டான்சிங் லேடி" என்று பெயர் வைத்து விளையாட்டாக ஆரம்பித்ததுதான் இந்தப் பாட்டு. அப்படியென்றால் இதைக் கிண்டல் என்று எடுத்துக்கொள்வதா, கம்பெனிக்குக் கொடுத்த சரணாகதி என்று எடுத்துக்கொள்வதா?

சும்மா_கேட்பவன்

சரணாகதிதான் அண்ணா, இதில் என்ன சந்தேகம். 1971-இல் "வாட்ஸ் கோயிங் ஆன்" பாடின ஆள். வியட்நாமிலிருந்து திரும்பி வந்த தம்பியின் கண்ணால் நாட்டைப் பார்த்து ஒரு தட்டு முழுக்கப் பாடியவர். ஆறே வருஷத்தில் "பார்ட்டிக்குப் போனேன், ஆடினேன்" என்று பாடுகிறார். கம்பெனி கேட்டது, கொடுத்தார், காசு வந்தது. கிண்டல் என்பதெல்லாம் ரசிகர்கள் பிற்பாடு தேடிப்பிடித்த சமாதானம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், அடிக்க வராதீர்கள். நான் இந்தப் பாட்டை முதலில் கேட்டதே 2013-க்கு அப்புறம், இந்தப் பாட்டைக் காப்பியடித்ததாகக் கிளம்பிய "பிளர்ட் லைன்ஸ்" வழக்குச் செய்தியைப் படித்துவிட்டுத்தான். கேட்டபோது "அட, இது என்ன, ஒன்றுமே நடக்கவில்லையே" என்றுதான் தோன்றியது.

மிருதங்கம்_மாலி

"ஒன்றுமே நடக்கவில்லை" என்று எழுதியிருக்கிறீர்களே தம்பி, நான் அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறேன். அந்த நாள் டிஸ்கோவை நினைத்துப் பாருங்கள். வயலின் கும்பல், பித்தளை வாத்தியங்கள், ஹை-ஹாட்டில் ஓயாத சிஸ் சிஸ். இந்தப் பாட்டில் வயலினே கிடையாது. ஒரு ட்ரம்ஸ், ஒரு பேஸ், நடுநடுவே விட்டுவிட்டு விழும் எலெக்ட்ரிக் பியானோ, அப்புறம் கண்ணாடிப் புட்டியில் தட்டுகிற சத்தம். ஆமாம், புட்டிதான். ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்கள். ட்ரம்ஸுக்குப் பக்கத்தில் "டிங்... டிடிங்" என்று ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். எங்கள் பாஷையில் சொன்னால் உபபக்கவாத்தியம். கடம் வாசிப்பவர் மிருதங்கக்காரர் விட்ட இடத்தில் மட்டும் நுழைவார் இல்லையா, அந்த வேலையை அந்தப் புட்டி செய்கிறது.

பியானோவைக் கவனியுங்கள். அடி விழுகிற இடத்தில் விழாமல், தள்ளி, எடுப்பு மாறி விழுகிறது. பேஸ் நிறைய இடத்தில் வாயை மூடிக்கொண்டிருக்கிறது. இவ்வளவு இடம் விட்டு வாசிக்க தைரியம் வேண்டும். வாசிக்கத் தெரியாதவன்தான் எல்லா மாத்திரையையும் நிரப்புவான்.

மார்வின் மோட்டவுனில் ஆரம்ப நாளில் ட்ரம்ஸ் வாசித்துச் சம்பாதித்தவர் என்பதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். மார்வலெட்ஸ் பாடிய "ப்ளீஸ் மிஸ்டர் போஸ்ட்மேன்" பாட்டில் ட்ரம்ஸ் அவர்தான், 1961. தாளக்காரன் கிண்டலுக்காக ஒரு தாளத்தை எடுத்தாலும் கை தானாகச் சரியான இடத்துக்குப் போய்விடும். என் கணக்குப்படி கிண்டலாக ஆரம்பித்தது, பாதியில் கை பிடித்துக்கொண்டது. அவ்வளவுதான்.

டெட்ராய்ட்_துரை

"டிஸ்கோ லேடி" பேச்சு வந்ததால் நான் நுழைகிறேன். அது எங்கள் ஊர்ச் சரக்கு. ஜானி டெய்லர் தெற்கத்திப் பாடகர், சுவிசேஷப் பாட்டுக் குழுவில் ஸாம் குக் விட்டுப்போன இடத்தை நிரப்பியவர், பிறகு மெம்ஃபிஸில் ஸ்டாக்ஸ் கம்பெனி. அது 1975 கடைசியில் திவாலானதும் கொலம்பியாவுக்குப் போனார். தயாரிப்பாளர் டான் டேவிஸ் டெட்ராய்ட்காரர், பதிவும் இங்கேதான். பின்னால் பேஸ் வாசித்தது யார் தெரியுமா? பூட்ஸி காலின்ஸ். கீபோர்டில் பெர்னி வொரெல். பார்லிமென்ட்-ஃபங்கடெலிக் என்ற ஃபங்க் இசைக் குழுவின் ஆட்கள்! பாட்டைக் கேட்டால் டிஸ்கோவே இல்லை; டிஸ்கோவில் ஆடுகிற ஒரு பெண்ணைப் பற்றி நிதானமாகப் போகிற ஸோல் பாட்டு, அவ்வளவுதான். ஹாட் 100-இல் 4 வாரம் முதலிடம். அமெரிக்காவில் பிளாட்டினம் சான்றிதழ் வாங்கிய முதல் சிங்கிளே அதுதான். அப்போது பிளாட்டினம் என்றால் 20 லட்சம் பிரதி.

அதில் பெயர்தான் வினை ஆனது. அடுத்த வருஷமே "டிஸ்கோ 9000" என்று ஒரு தட்டு. நல்ல ப்ளூஸ் பாடகருக்கு டிஸ்கோ முத்திரை ஒட்டிவிட்டார்கள். மார்வின் இதைப் பார்த்துக்கொண்டுதானே இருந்திருப்பார். "டான்சிங் லேடி" என்ற பெயர் தலைப்பிலிருந்து காணாமல் போனதில் எனக்கு ஆச்சரியமில்லை.

இன்னொரு சின்ன விஷயம்: சிலர் மார்வினின் பாட்டை "டெட்ராய்ட் ஸவுண்ட்" என்று எழுதுகிறார்கள். டெட்ராய்ட்டில் பிறந்த மோட்டவுன் 1972-லேயே மூட்டையைக் கட்டிக்கொண்டு லாஸ் ஏஞ்சலஸ் போய்விட்டது. எங்களை விட்டுவிட்டுப் போனவர்களின் பாட்டு இது. :)

சும்மா_கேட்பவன்

சரி, புட்டியைக் கேட்டேன். 40-ஆவது வினாடிக்கு மேல்தான் பிடிபட்டது. இப்போது அதைத் தவிர வேறெதுவும் காதில் விழமாட்டேன் என்கிறது, மாலி சாருக்கு நன்றி (கோபத்தோடு).

ஆனால் பாட்டின் வரிகள்? அதில் என்ன இருக்கிறது?

பழைய_தட்டு

வரிகளைத்தான் நீங்கள் சரியாகக் கேட்கவில்லை என்று நினைக்கிறேன். அது "ஆடினேன்" என்ற பாட்டு இல்லையே. முன்பெல்லாம் விருந்துக்குப் போவேன், கூச்சத்தில் ஓரமாக நின்றுகொண்டிருப்பேன், உடம்பு ஆடத் துடிக்கும், ஆனாலும் ஆடமாட்டேன் என்றுதான் ஆரம்பிக்கிறது. சுவரோரம் நிற்கிறவனின் பாட்டு. டிஸ்கோ பாட்டுகளில் பெரும்பாலும் பாடுகிறவர் ஏற்கெனவே தளத்தின் நடுவில் இருப்பார். "வா, ஆடு" என்று நம்மைக் கூப்பிடுவார். இவர் நம் பக்கத்தில் வந்து நிற்கிறார்.

இது நடிப்பும் இல்லை. மார்வினுக்கு மேடை பயம் உண்டு, ஆடுவது பிடிக்காது, ஊரறிந்த விஷயம். மோட்டவுன் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த நடன அசைவெல்லாம் இவருக்கு ஒட்டவே இல்லை. வேடிக்கை என்னவென்றால் 1964-இல் மார்த்தா அண்ட் தி வாண்டெல்லாஸ் பாடிய "டான்சிங் இன் தி ஸ்ட்ரீட்" பாட்டை எழுதிய மூவரில் இவரும் ஒருவர். ஊரையே தெருவில் ஆடவைத்துவிட்டு இவர் திண்ணையில் உட்கார்ந்துகொண்டார்.

குரலையும் பாருங்கள். முதல் பாதி முழுக்கக் கள்ளக்குரல், அதாவது சொந்தக் குரலுக்கு மேலே ஏறிப் பாடுகிற ஃபால்செட்டோ. மெல்லிசாக, கிட்டத்தட்ட தயங்கித் தயங்கி. பாதிக்கு மேல், சாக்ஸபோன் வருகிற பகுதியில், கீழே இறங்கிச் சொந்தக் குரலுக்கு வந்துவிடுகிறார். அதாவது கூச்சம் விட்டுப்போன பிறகு. சிங்கிளின் முன்பக்கத்தை மட்டும் கேட்டவர்களுக்கு இந்த இறக்கம் கிடைத்தே இருக்காது. தட்டைத் திருப்பிப் போட்டவர்களுக்குத்தான் கதையின் முடிவு.

தேன்மொழி

இதை எழுத வந்தேன், அண்ணா முந்திக்கொண்டார். கல்லூரி விடுதியில் ஆண்டு விழாவுக்கு முந்தின இரவு எல்லோரும் ஆடும்போது நான் தண்ணீர்க் கேனுக்குப் பக்கத்தில் நின்று டம்ளரை நாலு தடவை நிரப்பிக்கொண்டிருந்தேன். நாலு டம்ளர் தண்ணீரும் குடித்தேன். அந்தப் பாட்டு அந்த டம்ளர்தான்.

வக்கீல்_வசந்தி

எல்லோரும் கிண்டலா சரணாகதியா என்றே பேசுகிறீர்கள். அண்ணி "யார் வந்திருக்கா" என்று கேட்டாரே, அதை யாரும் பிடித்துக்கொள்ளவில்லையே! இந்தப் பாட்டில் எனக்கு அதுதான் மையம்.

அந்தக் கூட்டம் எங்கிருந்து வந்தது? பொறியாளரும் தயாரிப்பாளருமான ஆர்ட் ஸ்டூவர்ட், மார்வினின் துணைவி ஜேன், தம்பி ஃப்ராங்கி, நண்பரும் "ஸோல் ட்ரெய்ன்" டிவி நிகழ்ச்சியை நடத்தியவருமான டான் கார்னீலியஸ். இப்படிக் கைவிட்டு எண்ணக்கூடிய ஆட்களை வைத்து, சிரிப்பு, கூப்பாடு, "ஏய், வாய்யா" என்கிற வரவேற்பு எல்லாவற்றையும் அடுக்கடுக்காகப் பதிவு செய்து ஒரு விருந்தை உண்டாக்கியிருக்கிறார்கள். உண்மையான லண்டன் கூட்டம் மூன்று பக்கம், செய்த கூட்டம் ஒரு பக்கம். மக்கள் எதற்கு ஆடினார்கள்? செய்த கூட்டத்துக்கு.

இப்போது வழக்குக்கு வருகிறேன், ஏனென்றால் தம்பி அங்கிருந்துதான் வந்தார். 2013-இல் பாடகர்கள் ராபின் திக், ஃபாரெல் வில்லியம்ஸ் கூட்டணியின் "பிளர்ட் லைன்ஸ்" ஹாட் 100-இல் 12 வாரம் முதலிடம். "இது மார்வின் பாட்டு மாதிரி இருக்கே" என்று பேச்சு கிளம்பியது. திக்கே ஒரு பேட்டியில், தனக்குப் பிடித்த பாட்டு அது, அந்த மாதிரி ஒன்று செய்வோம் என்று ஃபாரெலிடம் சொன்னதாகச் சொல்லிவிட்டார். (பிற்பாடு பிரமாண வாக்குமூலத்தில், அன்றைக்கு நான் போதையில் இருந்தேன், பாட்டு எழுதியது ஃபாரெல்தான் என்று மாற்றிச் சொன்னார். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு இதைவிட நல்ல நாள் அமையாது.) முதலில் நீதிமன்றம் போனதும் அவர்கள்தான்: நாங்கள் திருடவில்லை என்று அறிவியுங்கள் என்று 2013 ஆகஸ்டில் வழக்குப் போட்டார்கள். மார்வினின் பிள்ளைகள் எதிர்வழக்குப் போட்டார்கள்.

சட்டச் சிக்கல்தான் இங்கே ருசி. அமெரிக்காவில் 1978-க்கு முந்தைய பாட்டுகளுக்கு 1909-ஆம் வருஷச் சட்டம். அதன்படி, பதிப்புரிமை அலுவலகத்தில் எந்த இசைத்தாளைக் கொடுத்தார்களோ அதில் இருப்பதற்குத்தான் பாதுகாப்பு என்று நீதிபதி எடுத்துக்கொண்டார். ஒலிப்பதிவுக்கு இல்லை. மார்வினுக்கு இசைத்தாள் சரளமாகப் படிக்கவே வராது. அதை வேறு யாரோ பாட்டைக் கேட்டு எழுதியது. அந்தத் தாளில் புட்டி இல்லை. சிரிப்பு இல்லை. கள்ளக்குரலின் குழைவு இல்லை. அண்ணி கேட்ட கூட்டம் இல்லை. அதனால் தட்டில் இருக்கிறபடி பாட்டை ஜூரிக்குப் போட்டுக்காட்டக்கூட விடவில்லை. தாளில் உள்ளதை மட்டும் வைத்து வாசித்த ஒரு மொட்டைப் பதிவைத்தான் கேட்டார்கள். திக் சாட்சிக் கூண்டில் பியானோ வாசித்து, ஒரே மாதிரி ஸ்வரக்கூட்டு நூறு பாட்டில் வரும் என்று காட்டினார்.

அப்படியிருந்தும் 2015 மார்ச்சில் ஜூரி மார்வின் குடும்பத்துக்குச் சாதகமாகச் சொன்னது. சுமார் 74 லட்சம் டாலர். நீதிபதி அதை 53 லட்சமாகக் குறைத்து, இனி வரும் வருமானத்தில் பாதியும் கொடுக்கச் சொன்னார். 2018-இல் மேல்முறையீட்டில் இரண்டுக்கு ஒன்று என்று உறுதியானது.

நான் மார்வின் பக்தை. ஆனாலும் தீர்ப்பு தப்பு என்பேன். கேட்கிற நமக்கு இரண்டும் ஒன்றாகத் தோன்றக் காரணம் கள்ளக்குரல், அந்த டிங் டிங் சத்தம், கூச்சல், அந்த மிதப்பு. அது எதுவுமே வழக்கில் கிடையாது. வழக்கில் இருந்த தாளிலோ பெரிய ஒற்றுமை எனக்குத் தெரியவில்லை. பிறகு ஜூரி எதைக் கேட்டுத் தீர்ப்புச் சொன்னது? காதில் ஏற்கெனவே இருந்த பாட்டைத்தான் கேட்டிருப்பார்கள் என்பது என் சந்தேகம். மாற்றுத் தீர்ப்பு எழுதிய நீதிபதி ஜாக்லின் வின்னும் கிட்டத்தட்ட இதைத்தான் கேட்டார்: ஒரு பாணிக்கே பட்டா போடுகிறீர்களே என்று.

பழைய_தட்டு

வசந்தி, தாளில் இல்லை என்பதற்காக அது மார்வினுடையது இல்லை என்று ஆகிவிடுமா? சமையல் குறிப்பில் எழுதாத கைப்பக்குவம் யாருடையது? அந்த ஸ்டுடியோவில் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து சிரிப்பை அடுக்கியவர் அவர். சட்டம் குருடு என்றால் ஜூரி கொஞ்சம் கண்ணைத் திறந்து வைத்திருந்தது. எனக்கு அதில் வருத்தமே இல்லை.

வக்கீல்_வசந்தி

கைப்பக்குவத்துக்கு உரிமை கேட்டால் உலகத்தில் ஒருத்தரும் சாம்பார் வைக்க முடியாது அண்ணா. 1979-இல் மைக்கேல் ஜாக்சன் "டோன்ட் ஸ்டாப் டில் யூ கெட் இனஃப்" பாடினார். அதே கள்ளக்குரல், அதே ஆள் கூட்டம், அதே இடைவிடாத தாளம். கேட்கிற எல்லோருக்கும் அப்பன் யார் என்று தெரியும். நீங்கள் சொல்கிற நியாயப்படி அந்தப் பாட்டும் வந்திருக்காது. அது இல்லாத உலகம் உங்களுக்குச் சம்மதமா? மேல்முறையீட்டில் 200-க்கு மேற்பட்ட இசைக்கலைஞர்கள் சேர்ந்து கவலை தெரிவித்து மனு கொடுத்தது சும்மா இல்லை.

பழைய_தட்டு

ஜாக்சன் வாங்கியதைத் தன்னுடையதாக ஆக்கினார். இவர்கள் வாடகைக்கு எடுத்தார்கள்.

வக்கீல்_வசந்தி

அந்த வித்தியாசத்தைச் சட்டப் பிரிவாக எழுதிக் கொடுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன்.

டெட்ராய்ட்_துரை

(பாப்கார்னோடு உட்கார்ந்திருக்கிறேன்.)

மட்டுறுத்துநர்

சாம்பார் பற்றி ஏழு பதில்கள் வந்து சேர்ந்தன. சமையல் பகுதிக்கு நகர்த்திவிட்டேன். பாட்டுக்கு வாருங்கள்.

மிருதங்கம்_மாலி

நன்றி ஐயா. இருவர் சண்டையிலும் நான் தலையிடவில்லை. ஆனால் தாளம் தெரிந்தவனாக ஒன்று. தாளில் எழுத முடியாதது என்று எல்லாவற்றையும் தள்ளிவிடாதீர்கள். பியானோ எடுப்பு தள்ளி விழுவதை எழுத முடியும். புட்டி விழும் இடத்தையும் எழுத முடியும். எழுதாமல் விட்டவர்கள் அது முக்கியம் என்று நினைக்கவில்லை, அவ்வளவுதான். அந்த நாளில் இசைத்தாள் வியாபாரம் வீட்டில் பியானோ வைத்திருப்பவர்களுக்கானது. மெட்டும் ஸ்வரக்கூட்டும் போதும். தாளம் எப்போதும் "மற்றும் பலர்" வரிசையில்தான். எங்கள் பிழைப்பும் அப்படித்தான், அழைப்பிதழில் பாடகர் பெயரை முடித்துவிட்டுக் கடைசி வரியில் பொடி எழுத்தில் வருவோம்.

தம்பிக்கு ஒரு வீட்டுப்பாடம். 1996-இல் அமெரிக்கப் பாடகி ஆலியா இதே பாட்டைப் பாடியிருக்கிறார். அதைக் கேட்டுவிட்டு வாருங்கள். கூட்டத்தின் இடத்தில் என்ன வைத்தார்கள் என்று சொல்லுங்கள்.

சும்மா_கேட்பவன்

ஆலியா பாட்டு கேட்டேன். நன்றாகத்தான் பாடுகிறார், ஆனால் அவருக்கு ஒரு கூச்சமும் இல்லை. ஆடத் தெரிந்த பெண் கூச்சத்தைப் பாடுகிற மாதிரி.

அப்புறம் 12 நிமிடத்தையும் கேட்டேன், நேற்று இரவு, விளக்கை அணைத்துவிட்டு. "ஒன்றுமே நடக்கவில்லை" என்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். நடக்கிறது, ஆனால் யாரோ பக்கத்து அறையில் நடத்துகிற மாதிரி. சரணாகதி என்று சொன்னதைப் பாதி வாபஸ் வாங்குகிறேன். கம்பெனிக்கு வேண்டியது கிடைத்துவிட்டது உண்மைதானே. ஹாட் 100-இல் அவருடைய மூன்றாவது முதலிடம், கடைசியும் அதுதான். 1982-இல் "செக்ஸுவல் ஹீலிங்" கூட 3-ஆம் இடத்தில் நின்றுவிட்டது. பிடிக்காத வேலையைச் செய்து கிடைத்த பரிசு.

ஒரு சந்தேகம். நடுவில் ஒரு இடத்தில் ஆண் குரல் ஒன்று யாரையோ வரவேற்கிறது. அது டான் கார்னீலியஸா, தம்பி ஃப்ராங்கியா? நாலு தடவை ஓட்டிப் பார்த்தேன். ஐந்தாவது தடவை அம்மா எழுந்து வந்து, "இந்த நேரத்துல யாருடா ஃபோன்ல?" என்றார்.

பழைய_தட்டு

உங்கள் அம்மாவுக்கும் என் மனைவிக்கும் என் வணக்கம். குரல் யாருடையது என்பதைத் துரைதான் சொல்ல வேண்டும். அதற்குள் மற்ற மூன்று பக்கத்தையும் கேட்டுவிடுங்கள் தம்பி, நான்காவதை முதலில் போட்டது என் தப்பு.